27 வயசும் ஒரு வெளிறின வானமும்

போன மாசம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார்கள். ஹாலில் மாட்டியிருந்த என் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏன்டா, சாயங்கால வானம்னுதானே போன்ல சொன்னே? இது மழை கட்டி நிக்கிற மாதிரில்ல இருக்கு"ன்னு கேட்டாங்க.

அது ஒரு போஸ்ட்கார்டு சைஸ் வாட்டர்கலர். முன்னாடி நான் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால ஒரு ஏரி உண்டு. ஆபீஸ் போன் எதுவும் வராத அபூர்வமான ஒரு சனிக்கிழமை, மொட்டை மாடியில் உட்கார்ந்து போட்டது. கரையில் நாலு கருவேல மரம், மேலே வரிசையாக ஒன்பது கொக்கு, அதுக்கும் மேலே ரோஸ் வானம். வெளிச்சத்துக்கு எதிரே பறந்ததால் கொக்குகளைக் கறுப்பாகத்தான் போட்டிருந்தேன். பெரிய ஓவியம் எல்லாம் இல்லை. ஆனா அந்த இடத்தில் இப்போ அடுக்குமாடி வந்துவிட்டது. அந்த ஏரியில் விழுந்த அந்த வானத்துக்கு என்கிட்ட இருக்கிற ஒரே சாட்சி அந்தப் படம்.

அம்மா சொன்ன பிறகுதான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ரோஸைக் காணோம்! அடியில் போட்ட சாம்பல் நீலம் மட்டும் மிச்சம். கொக்குகள் போட்டது போட்டபடி இருக்கு. தினமும் அதைத் தாண்டித்தான் செருப்பு மாட்டிக்கொண்டு போகிறேன், கவனிக்கவே இல்லை. ஜன்னலுக்கு எதிர்ச் சுவர், ரெண்டு வருஷ வெயில். நான் வாங்கின மலிவான செட்டில் அந்தப் பளிச் ரோஸ் ட்யூபில் என்ன நிறமின்னு எழுதியே இல்லை. இந்த மாதிரி கண்ணைப் பறிக்கிற ரோஸ் கலர்களில் பாதிக்கு மேல் வெயிலுக்கு ஆகாதுன்னு படம் போடறவங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, என்னைத் தவிர :-(

நமக்குத்தான் ஒரு பக் வந்தா அதோட ரூட் காஸ் தெரியாம தூக்கம் வராதே. அப்படித் தேடிக்கொண்டு போனதில் வந்து நின்ற ஆள்தான் தாமஸ் கிர்ட்டின். 1775 பிப்ரவரியில் லண்டன் சவுத்வர்க்கில் பிறந்து, 1802 நவம்பர் 9ம் தேதி செத்துப்போன ஆங்கிலேய ஓவியர். கணக்குப் போட்டால் 27 வயசு. நான் 27 வயசில் செய்த மகத்தான காரியம், ஒரு ரிலீஸை ரெண்டு வாரம் மட்டும் லேட்டாக முடித்தது.

கிர்ட்டின் காலத்தில் வாட்டர்கலர் என்பது ஓவியத்தில் ரெண்டாம் தரக் குடிமகன். எண்ணெய் வண்ணம்தான் ராஜா. வாட்டர்கலர் எதுக்குன்னா, ஒரு ஜமீன்தார் வீடு, ஒரு பாழடைந்த கோயில், ஒரு பாலம், இதையெல்லாம் பதிவு பண்ண. இந்த மாதிரி படங்களை வைத்து அச்சுக்குச் செப்புத்தகடு வெட்டுவார்கள். பென்சிலில் கோடு போடுவது, அதுமேல் இந்தியன் இங்க்கைக் கரைத்து நிழல் எல்லாம் சாம்பலாகப் போடுவது, கடைசியில் மேலே கொஞ்சம் கலர் பூசுவது. இதுதான் முறை. (பேர்தான் இந்தியன் இங்க், சரக்கு சீனாவுடையது.) பார்க்க, கலர் பூசின கறுப்பு வெள்ளை போட்டோ மாதிரி இருக்கும். அழகுதான், ஆனா உள்ளே காத்து அடிக்காது.

கிர்ட்டினின் அப்பா பிரஷ் செய்கிறவர். பையன் சின்ன வயசில் இருக்கும்போதே போய்விட்டார். 1789ல் எட்வர்ட் டேய்ஸ் என்கிற ஓவியரிடம் இவரைத் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். மேலே சொன்ன முறையில் டேய்ஸ் கெட்டிக்காரர். சிஷ்யன் அதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, பிறகு ஒழுங்காகத் தூக்கிப் போட்டுவிட்டான். அது எப்படி நடந்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

லண்டனில் தேம்ஸ் கரையோரம் அடெல்ஃபி டெரஸ் என்கிற இடத்தில் டாக்டர் தாமஸ் மன்ரோ என்று ஒருத்தர் இருந்தார். பெத்லெம் மனநல மருத்துவமனையின் டாக்டர். படங்கள் என்றால் உயிர். 1794ல் அவரிடம் ஒரு நோயாளி வந்து சேர்கிறார்: ஜான் ராபர்ட் கஸன்ஸ். ஆல்ப்ஸ் மலையையும் இத்தாலியையும் சாம்பல், மங்கின நீலம், மங்கின பச்சை என்று ரெண்டு மூணு நிறத்திலேயே போட்டு, பார்க்கிறவன் மனசைக் கனக்க வைத்தவர். இவருடைய அப்பா அலெக்ஸாண்டர் கஸன்ஸ் இன்னும் சுவாரசியமான ஆள். பேப்பரைக் கசக்கி, அதில் இங்க்கைக் கன்னாபின்னாவென்று அப்பி, அந்தக் கறையில் மரமும் மலையும் தேடச் சொல்லி 1780களில் புத்தகமே போட்டவர். (ரேண்டம் இன்புட்டில் இருந்து அவுட்புட்! நம்ம ஆளு.) மகன் கஸன்ஸுக்கு மனநிலை பிறழ்ந்துவிட்டது. மூணு வருஷம் மன்ரோவின் கவனிப்பில் இருந்து 1797 கடைசியில் செத்துப்போனார்.

மன்ரோ என்ன பண்ணினார்னா, கஸன்ஸின் கோட்டுப் படங்களை வைத்துக்கொண்டு, சாயங்காலங்களில் சின்னப் பையன்களை வரவழைத்துக் காப்பி எடுக்கச் சொன்னார். அப்படி வந்த ரெண்டு பேர் கிர்ட்டினும், அதே 1775ல் பிறந்த ஜோசப் மல்லோர்ட் வில்லியம் டர்னரும். இதை அந்தக் கால ஓவியர் ஜோசப் ஃபாரிங்டன் தன் டைரியில், 1798 நவம்பர் 12ம் தேதிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். மூணு வருஷம் போனார்களாம். ஆறு மணிக்குப் போனால் பத்து மணி வரை வேலை. கிர்ட்டின் கோடு போடுவார், டர்னர் அதில் வண்ணத்தைக் கழுவி ஒளி நிழல் கொண்டுவருவார். டர்னருக்கு ஒரு ராத்திரிக்கு 3 ஷில்லிங் 6 பென்ஸ். கிர்ட்டின் தனக்கு எவ்வளவுன்னு சொல்லவில்லை என்றும் ஃபாரிங்டன் குறித்திருக்கிறார். சம்பளத்தைச் சொல்லாத டீம்மேட் எல்லா காலத்திலும் உண்டு போல :-)

யோசித்துப் பாருங்க. மனசு உடைஞ்ச ஒரு மனுஷன் ஒரு இடத்தில் அடைந்து கிடக்கிறான். அவன் எப்பவோ மலை மேலே நின்று பார்த்த வானத்தை, அந்த மலையைப் பார்க்காத ரெண்டு பையன்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கூலிக்குக் காப்பி அடிக்கிறார்கள். இங்கிலாந்தின் வாட்டர்கலர் வரலாறே இந்த மேஜையில்தான் திரும்பியது என்று நான் சொன்னால் மிகை என்பீர்கள். எனக்கு அப்படித்தான் படுகிறது. ஒரு இடத்தைப் பதிவு பண்ணுவது வேறு, அந்த இடத்தில் நிற்கிறவனுக்கு என்ன ஆகிறது என்று போடுவது வேறு. ரெண்டாவதைக் கஸன்ஸிடமிருந்து அவர்கள் கை வழியாகக் கற்றுக்கொண்டார்கள்.

1796ல் கிர்ட்டின் யார்க்‌ஷயர், டர்ஹம், நார்தம்பர்லாண்ட் என்று வடக்கே ஒரு சுற்றுப் போனார். திரும்பி வந்தபின் போட்ட படங்களில் டேய்ஸ் காணாமல் போய்விட்டார். முதல் வேலையாக அந்த இந்தியன் இங்க் அடித்தளத்தைத் தூக்கினார். நிழலை நேரடியாகக் கலரிலேயே போட்டார். வழவழப்பான வெள்ளைப் பேப்பரை விட்டுவிட்டு, சொரசொரப்பான பழுப்பேறின கார்ட்ரிட்ஜ் பேப்பரை எடுத்தார். அது தண்ணீரை உறிஞ்சும், அதனால் அகலமான பிரஷ்ஷால் ஒரே இழுப்பில் வானத்தைப் போட முடியும். கோட்டை, ஆசிரமம் எல்லாம் சின்னதாக ஓரத்துக்குப் போய்விட, மேகமும் மேட்டுநிலமும் படத்தை எடுத்துக்கொண்டன.

1800ல் போட்ட 'செல்சியில் வெள்ளை வீடு' படத்தை நீங்கள் இணையத்தில் கட்டாயம் பார்க்க வேண்டும். லண்டன் டேட்டில் இருக்கிறது. அகலம் 51 செ.மீ., உயரம் 30 செ.மீ. அவ்வளவுதான். தேம்ஸ் நதி, இடது பக்கம் ஒரு காற்றாலை, தூரத்தில் பேட்டர்ஸி பாலம், செல்சி பழைய சர்ச். எல்லாம் மங்கல். நடுவில் கரையில் ஒரே ஒரு சின்ன வெள்ளை வீடு, அதன் நிழல் தண்ணீரில். அந்த வெள்ளை, பெயிண்ட் இல்லை. சுற்றிலும் கலர் பூசி, அந்த இடத்தில் பேப்பரை அப்படியே விட்டிருக்கிறார். இந்தப் படத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒரு வியாபாரி டர்னர் வீட்டுக்கு வந்து, உங்களுடையது எல்லாவற்றையும் விட நல்ல படம் ஒண்ணு வெளியே என் வண்டியில் இருக்கு என்றாராம். டர்னர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படின்னா அது டாம் கிர்ட்டினின் வெள்ளை வீடாகத்தான் இருக்கும் என்றாராம்.

1799ல் கிர்ட்டினும் நண்பர்களும் சேர்ந்து 'சகோதரர்கள்' என்று ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். நம்ம வலைப்பதிவர் சந்திப்பு மாதிரியேதான். வாரம் ஒருத்தர் வீடு. ஒரு கவிதையில் இருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அதுக்கேற்ற நிலக்காட்சியை எல்லாரும் அங்கேயே உட்கார்ந்து போடணும். வீட்டுக்காரர் பேப்பரும் கலரும் கொடுப்பார், அப்புறம் எளிமையாகச் சாப்பாடு. அன்றைக்குப் போட்ட படம் எல்லாம் அவருக்கே. போண்டாவுக்கு நல்ல ரேட்! அதே வருஷம், பின்னாளில் கிரேக்கச் சிற்பங்களைப் பெயர்த்துக்கொண்டு வந்து பேர் வாங்கிய எல்ஜின் பிரபு, தன்னோடு கான்ஸ்டான்டிநோபிள் வந்து படம் போடுவதற்கு கிர்ட்டினுக்கு வருஷத்துக்கு 30 பவுண்ட் தருவதாகச் சொன்னார். கிர்ட்டின் போகவில்லை. டர்னர் 400 கேட்டார். அவரும் போகவில்லை. பில்லிங் ரேட்டில் டர்னர் கறார்.

அதுக்கப்புறம் எல்லாம் வேகம். 1800ல் கல்யாணம். நெஞ்சு இளைப்பு முற்றி, 1801 கடைசியில் உடம்பைத் தேற்றப் பாரிஸ் போய், ஆறு மாசத்தில் அங்கேயும் நகரக் காட்சிகளாகப் போட்டுத் தள்ளித் திரும்பினார். 1802 ஆகஸ்டில் லண்டன் நகரைச் சுற்றிப் பார்ப்பது போன்ற 'ஐடோமெட்ரோபாலிஸ்' என்ற பிரமாண்ட பனோரமாவைக் காட்சிக்கு வைத்தார். 108 அடி நீளம், 18 அடி உயரம். அது இன்று இல்லை, அதுக்காக வரைந்த சில ஆய்வுப் படங்கள் மட்டும்தான் இருக்கின்றன. கண்காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே ஆள் போய்விட்டார். டர்னர் சவ அடக்கத்துக்குப் போனார். டாம் உயிரோடு இருந்திருந்தால் நான் பட்டினி கிடந்திருப்பேன் என்று பிற்பாடு சொன்னதாகச் சொல்வார்கள். டர்னர் அப்படியெல்லாம் அடுத்தவனைப் புகழ்கிற ஜாதி இல்லை என்பதையும் சேர்த்துப் படிக்கணும். இன்னொரு விஷயம்: கிர்ட்டின் செத்த அடுத்த மாசம், 1802 டிசம்பரில், லூக் ஹோவர்ட் என்கிற மருந்து வியாபாரி லண்டனில் ஒரு கட்டுரை வாசித்தார். சிர்ரஸ், க்யூமுலஸ், ஸ்ட்ராட்டஸ் என்று நாம இன்றைக்கும் சொல்கிற மேகப் பேர்கள் அதில் வந்தவைதான். கிர்ட்டின் போட்ட மேகங்களுக்கு அவர் இருந்தவரை இந்தப் பேர்கள் கிடையாது.

சரி, ரூட் காஸுக்கு வருவோம்.

கிர்ட்டினின் மழைமேகச் சாம்பல், ரெண்டு நிறமிகளின் கலவை. ஒன்று இந்தியன் ரெட் போன்ற இரும்புத் துரு சிவப்பு. செங்கல் நிறம், ஆயிரம் வருஷம் ஆனாலும் அசையாது. இன்னொன்று இண்டிகோ. நம்ம அவுரிச் செடியிலிருந்து எடுக்கிற அதே நீலம்தான். 1790களில் வங்காள நீலம் லண்டன் சந்தையில் குவிய ஆரம்பித்திருந்தது. (அந்த நீலத்துக்காக வங்காள விவசாயிகள் பட்ட பாடும், 1859ல் வெடித்த கலகமும் தனிப் பதிவுக்கு உரியவை.) துணியில் முக்கி எடுத்தால் இந்த நீலம் வருஷக்கணக்கில் நிற்கும். ஆனா தண்ணீரில் கரைத்து, பேப்பரில் மெல்லிய படலமாக இழுத்தால் கதை வேறு. வெளிச்சமும் காத்தும் சேர்ந்து அந்த மூலக்கூறை நடுவில் உடைக்கும். உடைந்து வருவது ஐசடின் என்கிற பொருள். அதில் நீலம் கிடையாது.

அதனால் என்ன ஆகும்? சாம்பல் மேகத்திலிருந்து நீலம் மட்டும் எழுந்து போய்விடும். சிவப்பு தங்கும். மழை வரப்போகிற வானம், செவ்வானமாக மாறி நிற்கும். மரங்களும் தப்பவில்லை. அன்றைக்குப் பச்சை என்பது பெரும்பாலும் இண்டிகோவோடு ஒரு மஞ்சளோ பழுப்போ கலந்ததுதான். நீலம் போனால் கோடைக்காலத்து மரம் இலையுதிர்கால மரம் ஆகிவிடும்! சுவரில் மாட்டி வைக்கப்பட்ட கிர்ட்டின்கள் பலவற்றுக்கு இதுதான் நடந்தது. ரசிகர்கள் அதன் முன்னால் நின்று, ஆஹா என்ன ஒரு பொன்மாலைச் சோகம் என்று உருகினார்கள். அந்தச் சோகத்தில் ஒரு பங்கு கிர்ட்டினுடையது, இன்னொரு பங்கு ஜன்னலுடையது.

இதில் என்னைக் கடித்த விஷயம் வேறு. டேய்ஸ் முறையில் அடியில் இருந்ததே இந்தியன் இங்க், அது வெறும் கரி. கரிக்கு வெளிச்சத்தால் ஒண்ணும் ஆகாது. மேலே பூசின கலர் எல்லாம் போனாலும் நிழல் எங்கே, வெளிச்சம் எங்கே என்கிற எலும்புக்கூடு நிற்கும். கிர்ட்டின் எதைத் தூக்கி எறிந்ததால் பெரிய ஓவியர் ஆனாரோ, அதுதான் அவர் படங்களைக் காப்பாற்றியிருக்கக் கூடியது. பழைய மந்தமான முறைக்கு பேக்கப் இருந்தது. இவருடைய அழகான முறைக்கு இல்லை. அவர் செய்தது தப்பா? எனக்கு அப்படித் தோணலை. அந்த வானத்தை வேறு எப்படியும் போட்டிருக்க முடியாது.

இதை ரொம்ப நாள் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. 1886ல் ஜே.சி. ராபின்சன் என்பவர், சவுத் கென்ஸிங்டன் மியூசியத்தில் வாட்டர்கலர்கள் வெளிறிக்கொண்டே வருகின்றன என்று டைம்ஸ் பத்திரிகைக்கு எழுத, ஓவியர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். விற்பனை பாதிக்குமே. கடைசியில் அரசாங்கம் ரஸ்ஸல் என்ற வேதியியலாளரையும், கேப்டன் ஆப்னி என்ற ஒளி ஆராய்ச்சியாளரையும் கூப்பிட்டது. அவர்கள் கலர் பூசிய பேப்பர்த் துண்டுகளைக் கண்ணாடிக் குழாய்களில் வைத்து, ஒவ்வொன்றிலும் பாதியை மூடி, பாதியை வெயிலுக்குக் காட்டினார்கள். 1888ல் அறிக்கை வந்தது. கார்மைன், கிரிம்சன் லேக், இண்டிகோ எல்லாம் அவுட். மண்ணில் இருந்து வந்த இரும்பு நிறங்கள் கல்லு மாதிரி. ஒளியில் நீலமும் ஊதாவும்தான் அதிகம் அரிக்கின்றன, காற்றை எடுத்துவிட்ட குழாயில் பெரும்பாலான நிறங்கள் பிழைத்துக்கொள்கின்றன என்றும் கண்டுபிடித்தார்கள். எவ்வளவு எளிமையான சோதனை! பாதியை மூடி வை, அவ்வளவுதான். ரெண்டு வருஷம் முன்னாடி நான் ஒரு துண்டுப் பேப்பரில் செய்திருக்கலாம்.

கிர்ட்டினின் எல்லாப் படத்துக்கும் இந்தக் கதி இல்லை. சேம்பர்ஸ் ஹால் என்ற சேகரிப்பாளர் 1855ல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்த படங்கள் பெட்டிக்குள்ளேயே இருந்ததால் பலது நன்றாக இருக்கின்றன. அதைப் பார்த்தால்தான் மற்றதில் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிகிறது. நீலம் இருக்கும்போது அவர் வானம் சோகமே இல்லை, குளிர்கிறது.

டர்னர் 76 வயசு வரை இருந்தார். போய்விடும் என்று தெரிந்த கலர்களையும் விடாமல் போட்டார். வின்சர் என்கிற கலர் கம்பெனிக்காரர் இதைப் பற்றிக் கேட்டதுக்கு, கலர் செய்வது உன் வேலை, போடுவது என் வேலை என்கிற மாதிரி பதில் சொல்லி அனுப்பினதாகக் கதை உண்டு. 1842ல் அவர் போட்ட 'நீல ரிகி' ஸ்விட்சர்லாந்து ஏரிக்கரை விடியல். மலை முழுக்க நீலம், முன்னால் நாய்கள் தண்ணீரில் பாய, வாத்துகள் கலைந்து எழும்பும். 45 செ.மீ. அகலப் பேப்பர். 2007ல் அதை டேட் வாங்க 49.5 லட்சம் பவுண்ட் தேவைப்பட்டபோது, 5 பவுண்ட் கொடுத்தால் ஒரு தூரிகைத் தீற்றல் உங்களுடையது என்று இணையத்தில் வசூல் பண்ணினார்கள். சாதாரண ஜனங்களே 5 லட்சத்துக்கு மேல் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்த ஆள் ஹென்றி வாகன். 1899ல் செத்துப்போன லண்டன்காரர். தன்னிடம் இருந்த டர்னர் வாட்டர்கலர்களில் 38ஐ எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய காலரிக்கு எழுதி வைத்தார். ஒரே நிபந்தனை: ஜனவரி மாசம் மட்டும்தான் வெளியே எடுக்கணும், காசு வாங்கக் கூடாது. ஏன் ஜனவரின்னா, எடின்பரோவில் வருஷத்திலேயே வெளிச்சம் மந்தமான காலம் அது. காலரி நூறு வருஷத்துக்கும் மேலாக அந்த வார்த்தையைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

என் ஏரியைக் கழட்டிவிட்டேன். மேலே புதுசாக ரோஸ் பூசிவிடலாமா என்று ஒரு நாள் பிரஷ்ஷைக் கையில் எடுத்தேன். அந்த சாயங்காலம் எப்படி இருந்தது என்று யோசித்தால், வெளிறின படம்தான் கண்ணில் வருகிறது. பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டேன். படம் இப்போ ஒரு பழுப்புக் கவரில், பீரோவில், அம்மாவின் பழைய பட்டுப்புடவைக்குக் கீழே இருக்கிறது.

பி.கு.: வாட்டர்கலர் போடுகிற மக்கள் யாராவது இருந்தால் ட்யூபின் பின்பக்கத்தில் நிறமி எண் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்க. இன்றைக்கு இண்டிகோ என்று விற்கிற ட்யூபில் பெரும்பாலும் அவுரி கிடையாது, வேறு நீலத்தோடு கறுப்பைக் கலந்த சமாச்சாரம். கிர்ட்டின் பார்த்திருந்தால் ஒரு டஜன் வாங்கியிருப்பார். நல்ல ரோஸுக்கு உங்களிடம் சிபாரிசு இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்க, அந்த ஒன்பது கொக்குகளை முதலில் இருந்து ஒரு தடவை போட்டுப் பார்க்கணும்.